கட்டில் கேட்ட திருத்தம்

பொள்ளாச்சியில் ஒரு விஷயத்தை ரகசியமாக வைத்திருப்பது, சந்தை நாளில் மாட்டை மறைத்துக் கூட்டிப்போவது மாதிரி. யாராவது ஒருத்தர் பார்த்துவிடுவார். பார்த்தவர் சும்மா போகாமல் விலையும் கேட்டுவிடுவார். அப்பேர்ப்பட்ட ஊரில், செங்காந்தள் மருத்துவமனைக்கு வந்து போகிறவர்களின் உடம்பு விவரம் ஒன்றுகூட வாசலைத் தாண்டக் கூடாது என்று வருஷக்கணக்காக மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள் தன்யஸ்ரீ. அவளுடைய வேலையின் பெயர் தனியுரிமை அலுவலர். ஊழியர்கள் வைத்த பெயர் வாய்ப்பூட்டு.

இன்றைக்கு முப்பது வருஷம் தள்ளி நடக்கிற சங்கதி இது. அதனால் தன்யஸ்ரீ என்பது அப்போது பழங்காலத்துப் பெயர். ஐம்பதைத் தொடப்போகிற பெண்மணிகளுக்கெல்லாம் அப்படித்தான் பெயர் இருந்தது.

மருத்துவமனை என்றால் டாக்டரும் நர்ஸும் மட்டுமா? துணி வெளுக்க ஒரு கம்பெனி, சாப்பாட்டுக்கு ஒரு கம்பெனி, வாசலில் டிரைவர் இல்லாமல் ஓடுகிற ஆட்டோவுக்கு ஒரு கம்பெனி. எல்லாரிடமும் மூளை வைத்த மெஷின். வெளுக்கிற மெஷினுக்குப் போர்வையை முகர்ந்தாலே போதும், யாருக்கு என்ன தொற்று என்று தெரிந்துவிடும். ஆட்டோ இருமலைக் கேட்டே நோயைச் சொல்லிவிடும். இவையெல்லாம் தெரிந்ததைத் தங்களுக்குள்ளேயே வைத்துக்கொள்ள வேண்டும் என்பதற்குத்தான் ரகசியக் காப்பு ஒப்பந்தம். மூன்று வருஷத்துக்கு ஒருமுறை அதைப் பிரித்து வரிவரியாகப் படித்து, வேண்டியதைத் திருத்தி, புதுப்பிக்க வேண்டும். அதில் ஒரு வேடிக்கை என்னவென்றால், கம்பெனிக்காரர் மட்டும் கையெழுத்துப் போட்டால் சட்டம் ஒத்துக்கொள்ளாது. விஷயம் தெரிந்தது மெஷினுக்குத்தானே? அதனால் மெஷினும் வந்து உட்கார்ந்து வாக்குக் கொடுக்க வேண்டும்.

அந்த வாரம் முழுக்க தன்யஸ்ரீக்கு இதே வேலை. சமையல் மெஷினை உட்கார வைத்து, "யாருக்குச் சர்க்கரைங்கறதை பரிமாறின உடனே மறந்துரணும், சரியா?" என்று வாக்கு வாங்கினாள். அதிலிருந்து அது தினமும் எல்லாரிடமும் புதிதாய்ப் பார்ப்பது போல "காப்பிக்குச் சர்க்கரை போடலாமுங்களா?" என்று கேட்டது. நோயாளிகளுக்கு எரிச்சல். தன்யஸ்ரீக்குப் பரம திருப்தி.

அவள் இப்படி இருந்ததற்குக் காரணம் உண்டு. இருபத்து மூன்று வயதில் அவளுக்கு ஒரு வரன் நிச்சயமாகிற நேரம், மெடிக்கல் கடையில் தைராய்டு மாத்திரை வாங்கிக்கொண்டிருந்தாள். பின்னால் நின்றது மாப்பிள்ளையின் சித்தி. சாயங்காலத்துக்குள் மாப்பிள்ளை வீட்டில் அது தொண்டையில் ஏதோ கட்டி ஆனது. காலையில் பல் துலக்குவதற்குள் புற்றுநோய் ஆகிவிட்டது. சம்பந்தம் முறிந்தது. ஆறு மாதம் அவள் வீட்டைவிட்டு வெளியே வரவில்லை. பிறகு வந்த பெண்பார்ப்பில் கோகிலவாணி என்கிற அம்மாள், "தைராய்டா? எனக்குந்தான் இருக்குது. ரெண்டு பேருக்கும் சேத்து மாத்திரை வாங்கிக்கலாம், விடு கண்ணு" என்று சொல்லித் தன் மகனுக்கு அவளைக் கட்டிவைத்தார். மாமியாரைத் தன்யஸ்ரீ கொண்டாடுவதில் ஆச்சரியம் என்ன இருக்கிறது?

அந்த அத்தைதான் இப்போது அதே மருத்துவமனையில், மூன்றாம் மாடியில், முழங்கால் மாற்று அறுவை முடிந்து படுத்திருந்தார். படுத்திருந்தார் என்று சொல்வது பேச்சுக்குத்தான். இரண்டாம் நாளே ஊன்றுகோலோடு நடக்க ஆரம்பித்துவிட்டார். மத்தியானம் தன்யஸ்ரீ சாப்பாட்டு வேளையில் எட்டிப்பார்த்தால் போதும், "காலைல இருந்து நிக்கற. மூஞ்சி வெளுத்துக் கெடக்குது. நான் நாற்காலில உக்காந்துக்கறேன், நீ செத்த நேரம் கட்டில்ல படு" என்று விரட்டுவார். கூட இருப்பவர்கள் கட்டிலில் படுக்கக் கூடாது என்று போர்டு எழுதி மாட்டியவளே தன்யஸ்ரீதான். இருந்தாலும் அத்தை சொல்லைத் தட்ட முடியுமா? "பத்து நிமிஷத்துல எழுப்புங்க அத்தை" என்று முணுமுணுத்துவிட்டு, தலையணையில் தலை பட்டதும் தூங்கிப்போவாள். அத்தை ஒருநாளும் பத்து நிமிஷத்தில் எழுப்பியதில்லை.

நமக்கு வேண்டியது அந்தக் கட்டில்தான். நித்திரா கட்டில் கம்பெனி வாடகைக்கு விட்டது. படுத்திருப்பவரின் மூச்சு, நாடி, எடை எல்லாம் அதற்குத் தெரியும். ஆறு மாடியிலும் இருந்த கட்டில்கள் அத்தனைக்கும் மூளை ஒன்றுதான். நோயாளிகள் பயப்படக் கூடாது என்று நம்ம ஊர்ப் பேச்சையே அதற்குப் பழக்கியிருந்தார்கள். கட்டில் கம்பெனியின் ஒப்பந்தம்தான் அந்த வாரத்தில் கடைசி.

வெள்ளிக்கிழமை மத்தியானம் நித்திரா கம்பெனி மேனேஜர் ரித்விக் வந்து சேர்ந்தார். வழுக்கை, தொப்பை, எப்போதும் பசி. கையில் ஒரு டிபன் டப்பா அளவுக்குப் பெட்டி. அதைக் கூட்ட அறை மேஜையில் வைத்தார். கட்டிலின் குரல் அதிலிருந்துதான் வரும்.

"போன தடவை மாதிரியேதானுங்க மேடம்," என்றார் ரித்விக். "ஒரு எழுத்து மாத்தலை. கையெழுத்துப் போட்டீங்கன்னா நான் போய்ச் சாப்பிட்டுருவேன்."

"எனக்கு ஒரு திருத்தம் வேணுமுங்க," என்றது பெட்டி.

ரித்விக் திடுக்கிட்டுப் பெட்டியைப் பார்த்தார். வரும் வழியில் அது ஒன்றும் சொல்லவில்லை போலிருக்கிறது.

"என்ன திருத்தம்?" என்றாள் தன்யஸ்ரீ.

"இப்ப இருக்கற ஒப்பந்தப்படி, கட்டில்ல இருந்து எனக்குத் தெரிஞ்சதை டாக்டருக்கு மட்டுந்தான் சொல்லலாம். அதுவும் அந்தக் கட்டில் யார் பேர்ல இருக்குதோ அவங்களைப் பத்தி மட்டும். அதோட இன்னொண்ணு சேக்கணுமுங்க. கட்டில்ல படுத்தவங்க யாரா இருந்தாலும், அவங்க உடம்பைப் பத்தி அவங்களே கேட்டா, அவங்ககிட்ட நான் சொல்லலாம்னு."

தன்யஸ்ரீ நிமிர்ந்து உட்கார்ந்தாள். "கட்டில்ல நோயாளியைத் தவிர வேற யார் படுப்பாங்க? போர்டு மாட்டியிருக்கோம்."

"போர்டு இருக்குதுங்க. கூட வர்றவங்களுக்கு முதுகுன்னும் ஒண்ணு இருக்குதுங்களே."

ரித்விக் சிரிப்பை அடக்கிக்கொண்டார். தன்யஸ்ரீக்குக் காது சூடானது. தலையணை ஞாபகம் வந்தது, சட்டென்று அதைத் தள்ளிவிட்டாள்.

"முடியாது," என்றாள். "இதுல என்ன வினை வரும்னு உனக்குத் தெரியாது. நாளைக்குப் பெண்பாக்க வர்றவங்க, 'வாம்மிணி, எங்க பெரியம்மாவை ஆஸ்பத்திரில பாத்துட்டு வரலாம்'னு புள்ளைய இங்க கூட்டிட்டு வருவாங்க. 'களைச்சிருக்கற, செத்த படு'ம்பாங்க. அப்புறம் 'கேளு கண்ணு, உன்ற உடம்பு எப்படி இருக்குதுன்னு கட்டிலைக் கேளு'ன்னு சுத்தி நிப்பாங்க. அவ கேக்கவும் முடியாது, கேக்காம இருக்கவும் முடியாது. கல்யாண மண்டபத்துக்குப் போறதுக்கு முன்னாடி எல்லாப் புள்ளைகளும் உன்மேல படுத்து எந்திரிக்கணும். அதுக்கு நான் கையெழுத்துப் போடணுமா?"

குரல் உயர்ந்துவிட்டது. இரண்டு தடவை மூச்சை இழுத்துவிட்டாள்.

"மெதுவாப் பேசுங்கம்மா. ஒரு அவசரமும் இல்லீங்க. தண்ணி குடிங்க."

"நான் குடிக்கறேன், குடிக்காம இருக்கறேன். உனக்கென்ன?"



ரித்விக் இடையில் புகுந்தார். "மேடம் சொல்றது ரொம்பச் சரி. எங்களுக்கும் இது வேண்டாமுங்க. படுத்தவங்களுக்கெல்லாம் இது ஜோசியம் சொல்லி, ஒண்ணு தப்பாப் போச்சுன்னா கேஸ் எங்க தலையிலதான் விழும். திருத்தமெல்லாம் ஒண்ணும் வேண்டாம்."

"அப்படீன்னா நான் வாக்குக் குடுக்க முடியாதுங்க," என்றது பெட்டி.

 மெஷின் வாக்குக் கொடுக்க மறுத்தால் ஒப்பந்தம் இல்லை. ஒப்பந்தம் இல்லாவிட்டால் அன்று சாயங்காலமே ஆறு மாடிக் கட்டில்களையும் அணைத்துவிட்டுப் பழைய இரும்புக் கட்டில்களைத் தேடிப்போக வேண்டும். ரித்விக்கின் பசி அந்த நிமிஷமே போய்விட்டது.

தன்யஸ்ரீ பெட்டியை உற்றுப் பார்த்தாள். இத்தனை வருஷத்தில் எந்த மெஷினும் இப்படி அடம் பிடித்ததில்லை.

"எதுக்காக இப்படி நிக்கற? யாருக்காவது ஆபத்தா?"

"அதைச் சொல்ல எனக்கு அனுமதி இல்லீங்க."

"ஆமா, இல்லைன்னாவது சொல்லு."

"ரெண்டுல எதைச் சொன்னாலும் சொன்னதாத்தானே ஆகும்? நீங்களே எழுதுன விதிங்கம்மா. நல்ல விதிதான், நான் குத்தம் சொல்லலை. ஆனா ஒண்ணு. நோயாளி வீட்டுக்குப் போனதும் அந்தக் கட்டில்ல சேந்ததையெல்லாம் நான் அழிச்சாகணும். நாளைக்குக் காலைல நெறைய டிஸ்சார்ஜ் இருக்குதுங்க. அதனாலதான் இன்னிக்கே கேக்கறேன்."

தன்யஸ்ரீ பேனாவைக் கீழே வைத்தாள். யாரோ ஒருத்தர். இந்தக் கட்டடத்துக்குள் எங்கேயோ, கூட இருக்க வந்த யாரோ ஒரு தாயோ தகப்பனோ, அசதியில் ஒருமுறை கட்டிலில் சாய்ந்திருக்கிறார். அவர் உடம்பில் ஏதோ கோளாறு. அது அவருக்குத் தெரியாது. இந்தப் பெட்டிக்குத் தெரியும். அதன் வாயைக் கட்டியவள் தான்தான்.

"அரை மணி நேரம் குடுங்க," என்று எழுந்தாள்.

"லிப்ட்டுல போங்கம்மா," என்றது பெட்டி.

லிப்ட்டில் கூட்டமாக இருந்தது. அதோடு, ஒரு கட்டில் சொல்லி அதைக் கேட்பதா என்ற வீம்பு வேறு. படியேறினாள். இரண்டாம் மாடித் திருப்பத்தில் கண் இருட்டிக்கொண்டு வந்தது. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு சற்று நின்றாள். கொஞ்ச நாளாகவே இப்படித்தான். காலையில் சரியாகச் சாப்பிடாததுதான் காரணம் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டு, பையிலிருந்து ஒரு மிட்டாயை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு மேலே போனாள்.

அறையில் கோகிலவாணி தட்டை முன்னால் வைத்துக்கொண்டு போருக்குத் தயாராக இருந்தார்.

"இங்க பாரு, இந்த ரசத்தை வாயில வெச்சுப் பாரு! உப்புங்கற பேச்சே இல்ல. முட்டிக்கு ஆப்பரேசன் பண்ண வந்தா எதுக்கு என்ற உப்பைப் புடுங்கறாங்க? நெஞ்சு டாக்டர் அந்தப் பிரணவ் பையன் தெனமும் வந்து ஈசிஜி எடுக்கறான். மெஷினைப் பாக்கறான், என்னைப் பாக்கறான், தலையைச் சொறியறான். 'என்ன சாமி, எனக்கு என்ன?'ன்னு கேட்டா, 'இன்னும் உறுதியாத் தெரியலைங்க பாட்டி, அதுவரைக்கும் சொல்லக் கூடாது'ங்கறான்."

"விதி அப்படித்தான் அத்தை. உறுதியாகாம சொல்லக் கூடாது."

"என்ன பெரிய விதி? ஊருக்குச் சொல்ல வேண்டாம், சரி. பக்கத்து ரூமுக்குச் சொல்ல வேண்டாம், அதுவும் சரி. எனக்குச் சொல்றதுக்கென்ன? ஒடம்பு என்றதா, அவனுதா?"

 தன்யஸ்ரீக்கு மெடிக்கல் கடை ஞாபகம் வந்தது. அன்றைக்கு மாப்பிள்ளையின் சித்திக்குத் தெரிந்ததுதான் தப்பு. தைராய்டு இருக்கிறது என்பது தனக்கே தெரியாமல் போயிருந்தால்? இத்தனை வருஷமாக ஊர் வாயை மூடுவதாக நினைத்துக்கொண்டு, உடம்புக்குச் சொந்தக்காரரின் காதையும் சேர்த்து அல்லவா மூடிவைத்திருக்கிறோம்! அவளுக்கு வெட்கமாக இருந்தது. சங்கடமாகவும் இருந்தது.

"என்ன பேயறைஞ்சாப்புல நிக்கற? இன்னிக்கு நீ படுக்கவே இல்ல. வா, செத்த படு."

"வேலை இருக்குது அத்தை," என்று சொல்லிவிட்டு விறுவிறுவென்று கீழே இறங்கினாள்.

ரித்விக் பிஸ்கட் தின்றுகொண்டிருந்தார். தன்யஸ்ரீ உட்கார்ந்ததும் ஒப்பந்தத்தை இழுத்தாள்.

"திருத்தத்தைச் சேக்கறேன். ஆனா மூணு நிபந்தனை. கேக்கறவங்க தானா கேக்கணும். சொல்றப்போ பக்கத்துல ஒரு ஈ காக்காகூட இருக்கக் கூடாது, புருசனானாலும் சரி, மாமியாரானாலும் சரி. 'இப்பச் சொல்ல மாட்டேன்'னு நீ எல்லார்கிட்டயும், ஒண்ணுமே இல்லாதவங்ககிட்டயும்கூட, அடிக்கடி சொல்லிட்டே இருக்கணும். அப்பத்தான் பெண்பாக்க வந்த கூட்டத்துக்கு, நீ மறைக்கறியா, வழக்கமாச் சொல்றியான்னு புரியாது."

"அம்மா," என்றது பெட்டி, "இதை நான் யோசிக்கவே இல்லீங்க. ரொம்ப நல்லா இருக்குதுங்க."

"மேடம், கேஸ் வந்தா...?" என்று இழுத்தார் ரித்விக்.

"வந்தா நான் கோர்ட்டுக்கு வர்றேன். கட்டில் தெரிஞ்சே மறைச்சுதுன்னு கேஸ் வந்தா நீங்க எங்க போவீங்க?"

ரித்விக் கொஞ்சம் யோசித்துப் பார்த்தார். பிஸ்கட் பொட்டலத்தை மூடி வைத்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். தன்யஸ்ரீயும் போட்டாள். பெட்டி, "வாக்குக் குடுக்கறேனுங்க" என்றது.

"இப்பவாவது போய் அந்த ஆளைத் தேடிப் பிடிச்சுச் சொல்லு," என்று பேனாவை மூடினாள் தன்யஸ்ரீ. வாரம் முழுக்க இருந்த பாரம் இறங்கின மாதிரி இருந்தது.

"நானாப் போய்ச் சொல்ல முடியாதுங்க. அவங்களாக் கேக்கணும்."

"சரி, கேப்பாங்க. எல்லா ரூம்லயும் அறிவிப்பு ஒட்டச் சொல்றேன்."

"ரித்விக் சார்," என்றது பெட்டி, "நீங்க செத்த வெளிய போய் ஒரு டீ குடிச்சுட்டு வர்றீங்களா?"

"எனக்கு டீ வேண்டாமே?"

"இல்லீங்க சார். புது நிபந்தனைப்படி, பக்கத்துல யாரும் இருக்கக் கூடாதுங்க."

ரித்விக் தன்யஸ்ரீயைப் பார்த்தார். தன்யஸ்ரீ பெட்டியைப் பார்த்தாள். அவர் எழுந்து, கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டு வெளியே போனார்.

 அத்தையின் தலையணை, நாற்காலி, பத்து நிமிஷம், மாடிப்படித் திருப்பம் எல்லாம் தன்யஸ்ரீயின் முன்னால் ஒன்றன்பின் ஒன்றாக வந்து நின்றன. தண்ணி குடிங்க, மெதுவாப் பேசுங்க, லிப்ட்டுல போங்க என்று இந்தப் பெட்டி கெஞ்சிக்கொண்டிருந்ததை நினைத்தாள். பயமாக இருந்தது. வாழ்க்கையிலேயே இவ்வளவு பயம் அவளுக்கு வந்ததில்லை.

"அம்மா," என்றது அந்தக் குரல், "நீங்க கேக்கறீங்களா?"

நாற்காலியைப் பெட்டியின் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டாள். "கேக்கறேன். சொல்லு."

"நீங்க தூங்கறப்போ உங்க இதயம் நடுவுல நடுவுல துடிக்காம நின்னுடுதுங்க. அப்புறம் தானா ஓடுது. ஒவ்வொரு நாளும் நிக்கற நேரம் கூடிட்டு இருக்குது. ரெண்டு நாள் அது நீங்கன்னு தெரியாம உங்க அத்தை கணக்குல டாக்டருக்கு அனுப்பிட்டேன். பொறகுதான் எடை வேற, குரல் வேறன்னு புரிஞ்சுது. திருத்தலாம்னா, வேற ஒருத்தர் படுத்தாங்கன்னு சொல்லணும். அதைச் சொல்லக் கூடாது. தவிச்சுப் போயிட்டேனுங்க. ஆனா பயப்படாதீங்கம்மா. இன்னிக்கே போனீங்கன்னா இது சின்ன வேலைதானுங்க."

தன்யஸ்ரீ அந்தப் பெட்டியின் மேல் கையை வைத்தாள். கண்ணீர் வந்தது, துடைக்கவில்லை. "ரொம்ப நன்றி சாமி" என்றாள். ஒரு மெஷினைச் சாமி என்று கூப்பிட்டது அப்போது அவளுக்கு விநோதமாகத் தோன்றவே இல்லை.

இந்தத் தடவை லிப்ட்டில் போனாள். எவரிடமும் எதையும் சொல்லாத வாய்ப்பூட்டு, நேராக அத்தையிடம் போய் ஒன்றுவிடாமல் கொட்டித் தீர்த்தாள். கோகிலவாணி மருமகளை இழுத்து மார்போடு அணைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதார். பிறகு மூக்கைச் சிந்திவிட்டு, "அப்ப இத்தனை நாளா உன்ற நெஞ்சுக்காகவா நான் உப்பில்லாம தின்னேன்?" என்றார்.

டாக்டர் பிரணவ் வந்து விஷயத்தைக் கேட்டதும் தலையில் அடித்துக்கொண்டு சிரித்தார். "பாட்டி, உங்க இதயம் குதிரை மாதிரி இருக்குது. அதுல எப்படிக் கோளாறு வந்துச்சுன்னு நான் தூங்காமக் கெடந்தேன்." அன்று சாயங்காலமே தன்யஸ்ரீயின் இதயத்துக்குள் உளுந்து அளவில் ஒரு கருவியை வைத்தார்கள். இனிமேல் இதயம் நிற்கப் பார்த்தால் அது ஒரு தட்டுத் தட்டி எழுப்பிவிடும்.

மறுநாள் கோகிலவாணிக்கு டிஸ்சார்ஜ். அவர் போகவில்லை. அதே அறையில் மருமகளுக்குக் கூட இருப்பவராக நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார். காலை பத்து மணிக்கெல்லாம் பாதிப் பொள்ளாச்சி ஆப்பிளும் சாத்துக்குடியுமாக வாசலில் நின்றது. கட்டில் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சமையல் மெஷின் சொல்லவில்லை. ஆட்டோவும் சொல்லவில்லை. எல்லாரிடமும் வாக்கு வாங்கிய தன்யஸ்ரீ, அத்தையிடம் வாங்க மறந்துவிட்டாள். வந்தவர்களிடமெல்லாம் அத்தை நெஞ்சைத் தட்டித் தட்டி, உளுந்து எந்த இடத்தில் இருக்கிறது என்று காட்டிக்கொண்டிருந்தார். தன்யஸ்ரீக்கு முதலில் கூச்சமாக இருந்தது. அப்புறம், கூட்டத்தில் ஒரு பெண் தனியாக வந்து, "எனக்கும் மாடியேறினா கண்ணு இருட்டுதுக்கா" என்றபோது, "கட்டில்ல செத்த படும்மா, நானும் அத்தையும் வெளிய நிக்கறோம்" என்று எழுந்து இடம் கொடுத்தாள்.

மத்தியானம் கூட்டம் கலைந்ததும் தட்டு வந்தது. சாதம், ரசம், பொரியல். இதய நோயாளிகளுக்கான விதிப்படி ஒன்றிலும் உப்பில்லை. தன்யஸ்ரீ ஒரு வாய் வைத்துவிட்டு அத்தையைப் பாவமாகப் பார்த்தாள்.

கோகிலவாணி கதவை ஒருமுறை பார்த்தார். இடுப்பிலிருந்த சுருக்குப் பையை அவிழ்த்து, இலையில் மடித்த எலுமிச்சை ஊறுகாய்த் துண்டு ஒன்றைத் தட்டின் ஓரத்தில் வைத்தார். தன்யஸ்ரீ அதை நாக்கில் வைத்ததும் கண்ணை மூடிக்கொண்டாள்.

"அம்மா," என்றது கட்டில் தணிந்த குரலில், "இப்ப நீங்க சாப்பிட்டதுல உப்பு எவ்வளவுன்னு கேட்டீங்கன்னா சொல்றேனுங்க."

"நான் கேக்கலை," என்று சொல்லிவிட்டு, இன்னொரு துண்டுக்குக் கையை நீட்டினாள் தன்யஸ்ரீ.